வெங்காய வேரில் அஜினோமோட்டோ சோதனை: உப்புக் கிளாஸை விட்டுவிடாதீர்கள்

தள்ளுவண்டி ஃபிரைட் ரைஸில் தூவுகிறார்களே, அந்த வெள்ளைப் படிகம் மோனோசோடியம் குளூட்டமேட். அது செல் பகுப்பைக் குறைக்கிறதா என்று பார்க்க வெங்காய வேர் போதும். 1938-ல் சுவீடன் மரபியலாளர் லெவான் தொடங்கிவைத்த முறை இது. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்தான், அதுவும் பெரிது பெரிதாக. ஆசிட் புழங்குவதால் கல்லூரி லேபில், கையுறையோடு செய்யுங்கள்.

வேர் விட வைத்தல்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முளைக்காத, ஒரே அளவுப் பெரிய வெங்காயம் 35 வாங்குங்கள். சோதனைக்கு 25 போதும். சில வேரே விடாது. காய்ந்த சருகையும் பழைய வேரையும் சுரண்டும்போது அடித்தட்டின் ஓரத்தில் கத்தி படக்கூடாது, புது வேர் அங்கிருந்துதான் வரும். டீ கிளாஸ் விளிம்பில் உட்காரவைத்து, அடித்தட்டு மட்டும் நனையும்படி தண்ணீர் ஊற்றி, தினமும் மாற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். பாலாற்றங்கரையில் பல இடங்களில் அதுவே உப்புக் கரிக்கும். காய்ச்சி வடித்த நீர் நல்லது. வேலூர் சித்திரை வெயிலிலும் இதைத் தொடங்காதீர்கள். மார்கழி, தை தோது.

கரைசல்

1 லிட்டருக்கு 10 கிராம் குளூட்டமேட் கரையுங்கள். அதில் 100, 300, 500 மில்லி எடுத்து ஒவ்வொன்றையும் தண்ணீர் விட்டு 1 லிட்டராக்கினால் 1, 3, 5 கிராம் கரைசல் தயார். நான்காவது வெறும் தண்ணீர். ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: லிட்டருக்கு 1.56 கிராம் சோடியம் குளோரைடு. 5 கிராம் குளூட்டமேட்டில் உள்ள அதே சோடியம் இதிலும் இருக்கிறது. இது இல்லாவிட்டால் வேர் சுணங்கியது குளூட்டமேட்டாலா, சோடியத்தாலா என்று சொல்லவே முடியாது.

வேர் 1 முதல் 2 செ.மீ. வளர்ந்ததும் ஒவ்வொன்றிலும் 5 வெங்காயம், 24 மணி நேரம்.

ஸ்லைடு

காலை 8 முதல் 10 மணிக்குள் வேரை வெட்டி, 3 பங்கு எத்தனால், 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலக் கலவையில் ஒரு நாள் போடுங்கள். பிறகு 60 டிகிரியில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம். குறைந்தால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும், கூடினால் கூழாகிவிடும். தண்ணீரில் அலசி, நுனியில் 2 மி.மீ. மட்டும் நறுக்கி, அசிட்டோகார்மைன் சொட்டில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். கவர்ஸ்லிப் மூடி, பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி, வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நழுவினால் செல்கள் சுருண்டு ஸ்லைடு பாழ்.

நீள நீளமான செல்களாகவே தெரிந்தால் நுனியைத் தாண்டிய பகுதியைப் பார்க்கிறீர்கள்; பகுப்பு நடக்கும் இடத்தில் செல் சிறிதாக, சதுரமாக, உட்கரு பெரிதாக இருக்கும்.

எண்ணிக்கை

வெங்காயத்துக்கு 1000 செல். பிரியும் செல்களை மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 1000-க்கு 80 என்றால் பகுப்புக் குறியீடு 8. அனாஃபேஸில் (குரோமோசோம்கள் இரு முனைக்கும் விலகிப் போகும் கட்டம்) பாலம்போல் இழுபடும் குரோமோசோம், பின்தங்கி நிற்கும் துண்டு, ஒட்டிக்கொண்ட கட்டி, குட்டி உட்கரு ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறியுங்கள். எண்ணுபவருக்கு எது எந்தக் கரைசல் என்று தெரியக்கூடாது, லேபிளை மறைத்துவிடுங்கள். 5 கிராமிலும் உப்பிலும் குறியீடு ஒரே அளவு இறங்கியிருந்தால் பழியைக் குளூட்டமேட்மேல் போட முடியாது.