கால்குலஸ் பயம் போகணும்னா பின்னத்துல ஆரம்பிங்க

காலேஜ்ல மேக்ஸ் எடுத்துட்டு முழிக்கிற தம்பி தங்கச்சிங்களா, நேரா கால்குலஸ் புக்க தூக்காதீங்க. முதல்ல பின்னம். 1/2 + 1/3 எவ்ளோன்னா 2/5-னு சொல்ற ஆளுங்க டிகிரி கிளாஸ்லயே இருக்காங்க (நானும் அப்படித்தான் இருந்தேன், சிரிக்காதீங்க), கீழ 6 ஆக்கி 3/6 + 2/6, அதாவது 5/6. அப்புறம் சதவீதம். நம்ம சேலத்து மாம்பழம் கிலோ 100 ரூபான்னு வைங்க, 10% ஏத்திட்டு திரும்ப 10% கொறச்சா 100 வராது, 99 தான், ஏன்னு புரியற வரைக்கும் அடுத்ததுக்கு போகாதீங்க.

அல்ஜிப்ராவுல அவசரமே படாதீங்க. எக்ஸ் பிளஸ் 3 ஹோல் ஸ்கொயர்ல நடுவுல வர்ற 6 எக்ஸ விட்டுட்டு, கால்குலஸ் கஷ்டம்னு அழுதா எப்படி? ட்ரிக்னாமெட்ரி, லாக் எல்லாம் கிராஃப் வரைஞ்சு பாத்துடுங்க, போதும்.

இப்ப கால்குலஸ். அடிவாரத்துல இருந்து ஏற்காடு பஸ் 20 ஹேர்பின் ஏறுதுல்ல, மொத்த தூரத்த நேரத்தால வகுத்தா சராசரி வேகம், ஆனா வளைவுல திரும்பற அந்த நொடில வேகம் என்ன? அதான் டெரிவேட்டிவ். தூரம் = டி ஸ்கொயர்னு வெச்சுக்கோங்க (டி-ன்னா நேரம்), டி 3-ல இருந்து 3.1 வரைக்கும் போட்டா 0.61-ஐ 0.1-ஆல வகுக்கணும், 6.1 வரும், 3.01 வரைக்கும்னா 6.01, இன்னும் கிட்ட போகப்போக 6-ஐ நெருங்குது, ஃபார்முலா சொல்ற 2 டி-யும் அதே 6 தான். இன்டெக்ரேஷன் இதுக்கு தலைகீழ், ஸ்பீடோமீட்டர மட்டும் நோட்ல குறிச்சுட்டே வந்து எவ்ளோ தூரம் வந்தோம்னு கண்டுபிடிக்கறது.

தினம் 10 கணக்கு, பின்பக்க விடைய பாக்காம போடுங்க.