உஃப், ஸஹ், ஆமீன்: அரபு படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் ஐயோ, அடடா, சீ போன்ற சொற்கள் வாக்கியத்தில் ஒட்டாமல் தனியே நிற்கும். அதே பழக்கத்தில் அரபியின் உஃப், ஸஹ், ஹைஹாத்த ஆகியவற்றையும் வெறும் ஒலிக்குறிப்பாக எடுத்துக்கொள்கிறோம். முதல் தவறே இதுதான். அரபு இலக்கணத்தில் இவற்றுக்கு 'இஸ்முல் ஃபிஃல்' என்று பெயர். உருவம் பெயர்ச்சொல், வேலை வினைச்சொல். ஹைஹாத்த என்றால் 'தொலைவாகிவிட்டது', இறந்தகாலம். உஃப் என்றால் 'சலித்துக்கொள்கிறேன்', நிகழ்காலம். ஸஹ் என்றால் 'பேசாதே', ஏவல். 'வினைப்பெயர்' என்று தமிழாக்கிவிடாதீர்கள், படிப்பவர் அதை மஸ்தர் என்று, அதாவது தொழிற்பெயர் என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்தது, ஏவல்வினை போலிருக்கிறதே என்று பன்மை விகுதி சேர்ப்பது. ஒருவரிடம் சொன்னாலும் ஊரிடம் சொன்னாலும் ஸஹ் ஸஹ்தான். ஆனால் தன்வீன் (சொல் முடிவில் வரும் 'ன்' ஒலி) சேர்ந்தால் பொருள் விரியும்: ஸஹ் என்றால் இப்போது பேசும் இந்தப் பேச்சை நிறுத்து, ஸஹின் என்றால் எந்தப் பேச்சும் வேண்டாம். ஓர் ஒலியில் இவ்வளவு வேறுபாடு!

ஆள் பார்த்து மாறுகிறவையும் உண்டு: ஓர் ஆணிடம் அலைக்க, ஒரு பெண்ணிடம் அலைக்கி, பலரிடம் அலைக்கும். குர்ஆன் 5:105இல் வரும் 'அலைக்கும் அன்ஃபுஸகும்' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'உங்கள் மீது' என்று பெயர்த்தால் வாக்கியமே நிற்காது. அங்கே அலைக்கும் என்பது 'பேணிக்கொள்ளுங்கள்' என்ற கட்டளை. எதைப் பேணுவது? உங்களையே. அன்ஃபுஸ செயப்படுபொருள் என்பதால்தான் ஸீன் எழுத்துக்கு ஃபத்ஹா, அதாவது 'அ' ஒலிக்குறி.

அப்புறம், நான் அதிகம் கவலைப்படும் தவறு ஆமீனில் நடக்கிறது. 'ஏற்றுக்கொள்வாயாக' என்பது அதன் பொருள். அலிஃபை, அதாவது முதலில் வரும் நெடிலைக் குறுக்கி 'அமீன்' என்பதற்குக்கூட இலக்கண நூல்களில் இடமுண்டு. மீம் என்ற 'ம்' எழுத்துக்கு ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி) கொடுத்து 'ஆம்மீன்' என்று ஓதுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் பிழை என்கிறார்கள், அது வேறு சொல்லாகிவிடுகிறது. குர்ஆன் 5:2இல் 'ஆம்மீனல் பைத்தல் ஹராம்' என்று வருகிறதே, அங்கே அதன் பொருள் 'நாடிச் செல்வோர்'. உணர்ச்சி மிகுந்து நீட்டும்போதுதான் இந்த ஷத்து நுழைகிறது. ஆவை நீட்டுங்கள், மீமை அழுத்த வேண்டாம்.

பாங்கில், அதாவது தொழுகை அழைப்பில் வரும் 'ஹய்ய அலஸ் ஸலாஹ்' என்பதிலும் ஹய்ய இஸ்முல் ஃபிஃல்தான், 'வாருங்கள்' என்று பொருள். முடிவில் இருப்பது குறில். தமிழில் 'ஹய்யா' என்று எழுதாமல் ஹய்ய என்றே எழுதுங்கள்.