வன்னிக் கிராமமொன்றில் தொண்டர் தீயணைப்பு அணி அமைத்தல்

2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அந்நகரில் தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. வெளியூர் வண்டிகளையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. மாவட்ட நகரின் நிலையே அதுவென்றால், துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உட்கிராமங்கள் வண்டி வரும்வரையான நேரத்தைத் தாமே சமாளிக்கப் பழக வேண்டும். தொண்டர் அணி அமைப்பது அதற்காகவே.

புதிய சங்கமொன்றைப் பதிவுசெய்ய அலைவதைவிட, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுவின் உபகுழுவாக இயங்குவது இலகு. தீர்மானப் பிரதிகளைக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் அனுப்பி, பயிற்சி கோருங்கள். ஆண்கள் வயலுக்கும் கூலிவேலைக்கும் போயிருக்கும் பகற்பொழுதில் ஊரில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதால், மாதர் சங்கத்தினர் இல்லாத அணி பெயருக்குத்தான் அணி.

பழைய தீயணைப்பு வண்டியொன்றைப் புலம்பெயர்ந்த உறவுகளிடம் கேட்கும் யோசனை நிச்சயம் எழும். சாரதி, உதிரிப்பாகம், எரிபொருள் ஆகியவற்றுக்கு வழி தெரியும்வரை அதைத் தள்ளிவையுங்கள். லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் 1,000 லீற்றர் தாங்கியும் இரண்டு அங்குல நீர்ப்பம்பும் ஏற்றினாற் போதும்.

ஆனால் அப்பம்பு முழுவேகத்தில் அத்தாங்கியை இரண்டு மூன்று நிமிடத்தில் வெறுமையாக்கிவிடும். ஆகவே மீள நிரப்பும் இடமே முக்கியம். நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழே இறங்கினால், கிணற்றுக்கட்டில் வைத்த பம்பு தண்ணீரை இழுக்காது. சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் எந்தக் கிணறு தாங்கும், எந்தக் குளத்தங்கரைவரை லாண்ட்மாஸ்டர் இறங்கும் என்பதை அந்த மாதங்களிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாரியில் எடுத்த அளவு பயன்படாது. வாரமொருமுறை பம்பை இயக்கிப் பாருங்கள். உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீர் திரும்பி வடியாமல் தடுக்கும் புட்வால்வில் ஒரு சருகு சிக்கினாலும், குழாயில் நிரப்பிய தண்ணீர் கசிந்து வடிந்துவிட, இயந்திரம் வெறுமனே சுழலும்.

கிடுகுக் கூரை பற்றிவிட்டால் அதைக் காப்பாற்ற முயல்வதைவிட, காற்று தீயைக் கொண்டுசெல்லும் திசையிலுள்ள வீடுகளின் கூரைகளை நனைத்து, எரியும் கிடுகுகளைக் கொக்கத்தடியால் இழுத்து வீழ்த்துவதே பலன் தரும். மின்னிணைப்பைத் துண்டிக்கும்வரை தண்ணீர் பாய்ச்சக் கூடாது; எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மணலோ ஈரச்சாக்கோ போடலாம்.

பற்றைக்காட்டுத் தீ வேறு விடயம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் யாரும் கால்வைக்கக் கூடாது; அகற்றிய இடத்திலும் புதைந்திருக்கும் எறிகணை சூட்டில் வெடிக்கலாம். வீதியில் விலகி நின்று வீடுகளை மட்டும் காத்து, 119க்கும் (பொலிஸ்) 117க்கும் (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) அறிவியுங்கள்.

அபாய அறிவிப்புக்குக் கோயில் ஒலிபெருக்கியையோ தேவாலய மணியையோ பயன்படுத்த முன்கூட்டியே நிர்வாகத்தினரின் சம்மதம் பெறுங்கள். பம்பின் சாவியும் பெற்றோல் கானும், எந்நேரமும் ஆள் இருக்கும் வீடொன்றில் இருக்கட்டும். சனசமூக நிலையத்தில் பூட்டிவைத்தால் இரவில் திறப்புத் தேடியே நேரம் போகும்.