எரிவாயுக் கிணற்றுச் சோதனை: அளவீட்டுக் கருவிகளை நிறுவி இயக்கும் முறை

எரிவாயுக் கிணறு ஒன்றைச் சில நாட்கள் ஓடவிட்டுப் பிறகு மூடிவைத்து நடத்தும் சோதனையில் கிடைக்கும் எண்களைக் கொண்டுதான், பாறையடுக்கில் எவ்வளவு வாயு இருக்கிறது, கிணறு நாளொன்றுக்கு எவ்வளவு தரும், அதற்குக் குழாய்ப்பாதை அமைத்தால் கட்டுபடியாகுமா என்பவை முடிவாகின்றன. கிணற்றை மூடிய பிறகு ஓட்டத்தின்போது தவறவிட்ட வாசிப்பை மீட்க வழியில்லை. தவறாகப் பதிவான வாசிப்போ அதைவிடக் கெடுதலானது. அது சரியான எண்ணின் தோற்றத்திலேயே அறிக்கைக்குள் சென்று அமர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் வேறொரு வழியில் சரிபார்க்க இயலுமாறு கருவிகளை அமைக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை. காவிரிப் படுகையில் உள்ளவற்றைப் போன்ற, வாயுவும் அதனுடன் இலேசான எண்ணெயும் தரும் தரைக்கிணற்றையும், வாயு, எண்ணெய், நீர் மூன்றையும் பிரிக்கும் சோதனை செப்பரேட்டரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இடமும் இணைப்பும்

கிணற்றுத் தலையிலிருந்து வரும் வாயு முதலில் அவசர மூடு வால்வையும், அடுத்துச் சோக்குக்கு (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறுகிய துளை) முன்னுள்ள டேட்டா ஹெட்டரையும் (அளவீட்டுக் கருவிகள் இணையும் குழாய்த்துண்டு), பிறகு சோக்குகள் பொருந்திய சோக் மேனிஃபோல்டையும், தேவையானால் ஹீட்டரையும் கடந்து செப்பரேட்டருக்குள் நுழைகிறது. அங்கிருந்து வாயு ஆரிஃபிஸ் மீட்டர் வழியே, அதை எரித்துவிடும் ஃபிளேருக்கும், எண்ணெயும் நீரும் தத்தம் மீட்டர்கள் வழியே டேங்குகளுக்கும் செல்கின்றன. ஃபிளேரும் டேங்குகளும் அந்தப் பருவத்துக் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதைப் பார்த்த பிறகே இடம் பெற வேண்டும். செப்பரேட்டரும் டேங்குகளும் மின்புவியிணைப்புப் பெற்றிருக்க வேண்டும்.

செப்பரேட்டரை மட்டப்பலகை வைத்து நான்கு மூலைகளிலும் சமப்படுத்துவது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் உள்ளே எண்ணெயையும் நீரையும் பிரிப்பது ஒரு தடுப்புச் சுவரின் உயரந்தான். கலன் ஒரு பக்கம் சாய்ந்தால் நீர் எண்ணெய்ப் பகுதிக்குள் வழிந்து, இரண்டு மீட்டர்களும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும். டெல்டாவின் களிமண் வடகிழக்குப் பருவமழையில் ஊறி இளகும் என்பதால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நடக்கும் சோதனைகளில் ஒவ்வொரு நாள் காலையிலும் மட்டத்தை மறுபடியும் பார்த்துவிடுவது நல்லது.

குழாய்களை இணைக்க, சுத்தியலால் தட்டி இறுக்கும் ஹாமர் யூனியன்களில் ஒரு கொடிய பொறி உண்டு. 2 அங்குல அளவில், வெவ்வேறு அழுத்தத்துக்கு உரிய 602 வகையின் ஒரு பாதியும் 1502 வகையின் மறுபாதியும் ஒன்றோடொன்று மறையேறி இறுகியதைப் போலவே காட்சி தரும். அழுத்தம் ஏறும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும். ஒவ்வொரு பாதியிலும் பொறித்துள்ள எண்ணைக் கண்ணால் படித்த பிறகே இணைக்க வேண்டும். எண் அழிந்துபோன துண்டை ஒதுக்கிவிட வேண்டும். இணைப்பு முடிந்ததும், அளவிடும் கருவிகளைத் தனிமைப்படுத்திவிட்டு, முழு அமைப்பையும் தண்ணீரால் முதலில் குறைந்த அழுத்தத்திலும் பிறகு திட்டமிட்ட அழுத்தத்திலும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய வேலை அழுத்தத்திற்குள் தனித்தனியாகச் சோதிப்பதும், அவசர மூடு பொத்தான்கள் ஒவ்வொன்றையும் உண்மையிலேயே அழுத்திப் பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

ஆரிஃபிஸ் மீட்டர்

வாயு அளவீட்டின் இதயம் நடுவில் துளையுள்ள ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அந்தத் துளையைக் கடக்கும்போது ஏற்படும் அழுத்த வேறுபாட்டையும், குழாயின் நிலை அழுத்தத்தையும், வெப்பநிலையையும் பதிந்து அவற்றிலிருந்து ஓட்ட வீதத்தைக் கணக்கிடுகிறோம். ஓட்டம் என்பது அழுத்த வேறுபாட்டையும் முழுமையான நிலை அழுத்தத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப அமைகிறது. இந்த ஒரு உறவை மனத்தில் நிறுத்தினால், எந்தப் பிழை பெரியது, எது சிறியது என்பது தானாகவே விளங்கும்.

எடுத்துக்காட்டாக, அழுத்த வேறுபாடு 100 அங்குல நீர்மட்டமாக (அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தம்) இருக்கும்போது கருவி 2 அங்குலம் கூட்டிக் காட்டினால் ஓட்டத்தில் வரும் பிழை சுமார் 1 சதவீதம். அதே 2 அங்குலத் தவறு, வேறுபாடு வெறும் 10 அங்குலமாக இருக்கும்போது நேர்ந்தால் பிழை ஏறக்குறைய 9.5 சதவீதம். ஆகவே கருவி வீச்சின் மேல்பாதியில் வாசிப்பு நிற்குமாறு தகட்டின் துளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோக்கை மாற்றும்போது தகட்டையும் மாற்றச் சோம்பக் கூடாது. துளையின் விட்டத்தைக் குழாயின் உள்விட்டத்தால் வகுத்து வரும் விகிதத்தை 0.2-க்கும் 0.6-க்கும் இடையில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நிலை அழுத்தத்தைப் பொறுத்தவரை, கேஜ் (அழுத்தமானி) காட்டும் எண்ணுடன் வளிமண்டல அழுத்தமான 14.7 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) கூட்ட மறப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. 500 பிஎஸ்ஐயில் இந்த மறதி அதிகம் தெரியாது. 50 பிஎஸ்ஐயில் ஓட்டத்தை 12 சதவீதம் குறைத்துக் காட்டிவிடும். நம் நாட்டுத் தளங்களில் சில கேஜ்கள் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராமிலும் சில பிஎஸ்ஐயிலும் இருப்பதால், முதல் பக்கத்திலேயே எந்தக் கருவி எந்த அலகில் என்று எழுதி ஒட்டிவிட வேண்டும்.

தகட்டைப் பொருத்துமுன் துளையின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, தகட்டில் பொறித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். நேர்விளிம்பை வைத்துத் தகடு வளையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளையின் கூரிய விளிம்பு வாயு வரும் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும்; சரிவான விளிம்பு வாயு போகும் பக்கம். விளக்கொளியில் பிடித்தால் கூரிய விளிம்பு மினுங்கக் கூடாது, மினுங்கினால் அது மழுங்கியிருக்கிறது என்று பொருள். தகட்டைத் தலைகீழாகப் பொருத்தினாலும் விளிம்பு மழுங்கியிருந்தாலும் அழுத்த வேறுபாடு குறைந்து, கிணறு உண்மையில் தருவதைவிடக் குறைவாகத் தருவதாகப் பதிவாகும்.

தகட்டைத் தாங்கும் இரட்டை அறை கொண்ட ஃபிட்டிங்கில், ஓட்டத்தை நிறுத்தாமலேயே தகட்டை மாற்றலாம். அதன் வரிசையைக் கை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். முதலில் சமன்படுத்தும் வால்வைத் திறந்து மேலறைக்கும் கீழறைக்கும் அழுத்தத்தைச் சமமாக்குங்கள். பிறகு இடையிலுள்ள நழுவு வால்வைத் திறந்து, கீழ்த்தண்டையும் அடுத்து மேல்தண்டையும் சுழற்றித் தகட்டை மேலறைக்கு ஏற்றுங்கள். நழுவு வால்வை மூடி, சமன்படுத்தும் வால்வையும் மூடிய பின்னரே மேலறையின் வெளியேற்று வால்வைத் திறக்க வேண்டும். வாயு சீறும் ஓசை அடங்கினால் மட்டும் போதாது. வெளியேற்று வால்வு அடைத்துக்கொண்டிருக்கலாம், நழுவு வால்வு கசியலாம். சற்றுக் காத்திருந்து, அழுத்தம் மீண்டும் ஏறவில்லை என்று உறுதியான பிறகு, ஃபிட்டிங்குக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று மேற்கட்டையின் திருகுகளைத் தளர்த்துங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அந்தத் திருகுகளைத் தொட்டால் தகடும் கட்டையும் ஆளின் மேல் பாயும்.

அழுத்த வேறுபாட்டை அளக்கும் ரிக்கார்டரையோ டிரான்ஸ்மிட்டரையோ, மீட்டர் குழாயைவிட உயரத்தில் வைத்து, இணைப்புக் குழல்கள் குழாயை நோக்கிச் சரிந்து வருமாறு அமைக்க வேண்டும். அப்போது குழலில் சேரும் திரவம் தானாகவே குழாய்க்குத் திரும்பும். கருவியை ஓட்டத்தில் சேர்க்கும்போது, அதன் இரு பக்கங்களையும் இணைக்கும் சமன் வால்வு திறந்திருக்க, முதலில் உயரழுத்தப் பக்கத்தையும் பிறகு தாழழுத்தப் பக்கத்தையும் மெல்லத் திறந்து, கடைசியில் சமன் வால்வை மூட வேண்டும். பூச்சியத்தை வெறும் காற்றழுத்தத்தில் மட்டும் பார்க்காமல், குழாயின் அழுத்தம் இருபுறமும் ஏறிய நிலையிலும் பார்க்க வேண்டும்.

நான் வேலை கற்ற காலத்தில் ஒரு சோதனையில், இந்தச் சமன் வால்வு மிக மெல்லக் கசிந்துகொண்டிருந்ததை ஓர் இரவு முழுவதும் நாங்கள் கவனிக்கவில்லை. வாசிப்புகள் ஒழுங்காக, அழகாக, ஆனால் குறைவாக வந்தன. விடிந்ததும் அந்த ஓட்டத்தை முழுவதுமாகத் திரும்ப நடத்த வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கு முன்பும், சமன் வால்வை மூடி, உயரழுத்தப் பக்கத்தில் அழுத்தத்தை ஏற்றி அடைத்து, தாழழுத்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு, சில நிமிடங்கள் ஊசி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

கிணற்றுத் தலை அழுத்தம்

இதற்கு, எடைகளால் அழுத்தத்தைச் சமன்செய்து அளக்கும் டெட்வெயிட் டெஸ்டரைத் தவிர வேறெதையும் இறுதிச் சான்றாக ஏற்க நான் விரும்புவதில்லை. வாயுக் கிணற்றின் திறனைக் கணக்கிடும்போது மூடிய அழுத்தத்தின் வர்க்கத்திலிருந்து ஓடும் அழுத்தத்தின் வர்க்கத்தைக் கழிக்கிறோம். மூடிய அழுத்தம் 2000 பிஎஸ்ஐ, ஓடும்போது 1900 பிஎஸ்ஐ என்றால் வித்தியாசம் 3,90,000. சாதாரண கேஜ் ஒன்று 1900-க்குப் பதிலாக 1880 என்று காட்டினால் அது 4,65,600 ஆகிவிடும். அழுத்தத்தில் சுமார் 1 சதவீதமே உள்ள பிழை, கணக்கில் 19 சதவீதமாகப் பெருகுகிறது.

டெஸ்டரை அசையாத மேடையில் மட்டமாக வைத்து, டேட்டா ஹெட்டரில் சோக்குக்கு முன்னால் இணைக்க வேண்டும். எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, தண்டு மிதக்கும் நிலையில் எடைகளைக் கையால் மெல்லச் சுழற்றிவிட்டு வாசிக்க வேண்டும். சுழலாத தண்டு உராய்வால் பிழை காட்டும். டெஸ்டரின் வாசிப்பையும் மின்னணு டிரான்ஸ்மிட்டரின் வாசிப்பையும் ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி நிலையாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அது மாறிக்கொண்டே போனால் டிரான்ஸ்மிட்டரை மாற்றிவிட வேண்டும்.

திரவ அளவீடு

எண்ணெய் மீட்டரின் வாசிப்பை அப்படியே நம்பாமல், ஓட்டத்தைக் கேஜ் டேங்குக்குத் திருப்பி ஒப்பிட வேண்டும். மீட்டர் 10 பீப்பாய் என்று காட்டிய நேரத்தில் டேங்கில் 9.6 பீப்பாய் சேர்ந்திருந்தால், மீட்டர் வாசிப்பைப் பெருக்க வேண்டிய காரணி 0.96. இங்கே ஒரு நுட்பம் உண்டு. செப்பரேட்டர் அழுத்தத்திலிருந்து டேங்குக்கு வரும்போது எண்ணெயில் கரைந்திருந்த வாயு வெளியேறி எண்ணெய் சுருங்குகிறது. எனவே டேங்கோடு ஒப்பிட்டுப் பெற்ற காரணியில் மீட்டரின் பிழையும் சுருக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. அதன்மேல், சுருக்கத்தைத் தனியே அளக்கும் சோதனைக் கலனில் கிடைத்த காரணியையும் பெருக்கினால் ஒரே சுருக்கத்தை இருமுறை கழித்தவர்களாவோம். எந்தக் காரணியில் என்ன அடங்கியிருக்கிறது என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள். டேங்கில் வெளியேறும் அந்த வாயு ஆரிஃபிஸ் மீட்டரைக் கடக்காதது என்பதால், மொத்த வாயுவில் அதையும் சேர்க்க வேண்டும். நீருக்கு டர்பைன் மீட்டரும், எண்ணெயிலுள்ள நீர், வண்டலுக்கு மையவிலக்குக் குழாயும் போதும்.

கிணற்றைத் திறத்தல்

திறப்பதற்கு முன் தளத்திலுள்ள எல்லாக் கடிகாரங்களையும், கிணற்றுக்குள் இறங்கும் கேஜ்களின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் வரும் சேறு, மணல், துளையிடு திரவம் எதுவும் செப்பரேட்டருக்குள் போகக் கூடாது. மாதிரிகளில் வண்டல் ஓய்ந்து, நீரின் உப்புத்தன்மை நிலைகொள்ளும் வரை ஓட்டம் செப்பரேட்டரைத் தாண்டி நேரே ஃபிளேர் குழிக்குச் செல்லட்டும். இந்த நேரத்திலேயே நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடின் அளவை, அது பட்டால் நிறம் மாறும் நிறக்குழாய் கொண்டு பார்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வரவில்லை என்பது பாதுகாப்பின் அடையாளமாகாது. 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் அந்த வாயு மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளங்களில் தேங்கும்.

செப்பரேட்டருக்குள் ஓட்டத்தைத் திருப்பும்போது ஆரிஃபிஸ் தகடு மேலறையிலேயே இருக்கட்டும். முதல் வேகத்தில் திரவக் கட்டி ஒன்று வந்து மோதினால் தகடு வளைந்துவிடும். திரவ மட்டங்களும் அழுத்தமும் நிலைகொண்ட பின் தகட்டை இறக்குங்கள். செப்பரேட்டர் அழுத்தம் சோக்குக்கு முன்னுள்ள அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இருப்பது நல்லது; அப்போது சோக்குக்குப் பின்னால் நடக்கும் ஏற்ற இறக்கம் கிணற்றை எட்டாது. அதே சமயம் திரவத்தை டேங்குவரை தள்ளும் அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும். சோக்கில் வாயு விரிந்து குளிரும்போது ஹைட்ரேட் என்னும் பனிக்கட்டி போன்ற பொருள் உறைந்து வழியை அடைக்கும். சோக்குக்கு முன்னுள்ள அழுத்தம் காரணமின்றி ஏறத் தொடங்கினால் அதை முதலில் சந்தேகியுங்கள். ஹீட்டரும், ஹைட்ரேட்டைத் தடுக்கும் மெத்தனாலைச் செலுத்தும் பம்பும் முன்கூட்டியே ஓடட்டும்.

ஒவ்வொரு சோக்கிலும் முதல் சில நிமிடங்கள் நெருக்கமாகவும், பிறகு 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒரு முறையும் வாசியுங்கள். ஒவ்வொரு வாசிப்பையும் உடனே வரைபடத் தாளில் புள்ளியாக வைத்தால், வரிசையிலிருந்து விலகும் புள்ளி அந்த மணிக்குள்ளேயே கண்ணில் படும்.

ஆழத்துக் கேஜ்களும் மூடிய நேரமும்

கிணற்றுக்குள் எப்போதும் இரண்டு கேஜ்களை இறக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது பிழைத்ததா என்று சொல்ல ஆளில்லை. இறக்கும்போதும் ஏற்றும்போதும் குறித்த ஆழங்களில் சில நிமிடங்கள் நிறுத்தினால் கிணற்றில் எந்த உயரம்வரை திரவம் நிற்கிறது என்பது தெரியும். கிணற்றை மூடியதும் அழுத்தம் மீண்டெழும் பதிவில் முதல் சில நிமிடங்களே மிகவும் அருமையானவை. ஆகவே மூடும் நொடியைத் துல்லியமாகக் குறித்து, வால்வைத் தயங்கித் தயங்கி மூடாமல் ஒரே மூச்சில் மூட வேண்டும்.

கேஜ்கள் மேலே வந்ததும் இரண்டின் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பிறகு, கருவிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, ஆரிஃபிஸ் தகட்டை மீண்டும் அளந்து, டிரான்ஸ்மிட்டர்களின் அளவுத்திருத்தத்தை மறுபடியும் செய்து, சோதனைக்கு முன்னிருந்த எண்களையும் பின்னிருந்த எண்களையும் பக்கம் பக்கமாக எழுதி, திருத்தப்படாத மூல வாசிப்புகளோடு சேர்த்து ஒப்படையுங்கள்.