ஸ்லோ பாட்டில் கிட்டார் சோலோ வாசிப்பது எப்படி: பாட்டைக் கொன்று கற்றுக்கொண்டவை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கித்தா என்றால் ரப்பர். அதனால் பதினாறு வயதில் கித்தார் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னது பாதிதான் பாட்டியின் காதில் விழுந்து, "கித்தா விலைதான் விழுந்து கெடக்கே, அத எதுக்குடா காசு குடுத்து வாங்குற?" என்று கேட்டார். அதையும் மீறி வாங்கிவிட்டேன். அப்புறம் தோட்டத்துக் கல்யாண விருந்துகளில் ஒரு சின்ன பேண்டோடு போய், மெதுவான காதல் பாட்டுகளுக்கு நடுவே எனக்கென்று கிடைத்த அந்த எட்டு பார் (பாருக்கு நான்கு அடி) இடத்தில், தெரிந்த ஸ்கேல் என்னும் ஸ்வர வரிசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவ வந்த ஒரு மாமா நின்று, "தம்பி, விரல் நல்லா ஓடுது. ஆனா என்ன பாட்டுன்னே எனக்கு மறந்துபோச்சு" என்றார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஸ்லோ பாட்டில் சோலோ பெரும்பாலும் இரண்டாவது கோரஸ் முடிந்த பிறகு வரும், பாடகர் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குகிற நேரம். கேட்கிறவர்களுக்கோ அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. நீங்கள் அந்தக் குரலைத் தொடர வேண்டும், அதை அழித்துவிட்டு உங்கள் பயிற்சிக் கணக்கைக் காட்டக் கூடாது. நேரமும் ரொம்பக் குறைவு: 72 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 72 அடி வேகத்தில், எட்டு பார் என்பது 32 அடி, கிட்டத்தட்ட 27 செகண்ட். அதற்குள் முழுக்கதையும் சொல்ல முடியாது, ஒரு நல்ல வாக்கியம் சொல்லலாம்.

ஆகவே முதல் வேலை, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வாயால் பாடுவது. பாட்டின் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மட்டும் போனில் ஓடட்டும், அதன் மேல் வாய்க்கு வந்ததை "லா லா" என்று பாடி ரெக்கார்ட் செய்யுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாருக்கும் போட்டுக் காட்டப் போவதில்லை. வாயால் பாடும்போது மூச்சு தீரும், தானாகவே நிறுத்துவீர்கள். அந்த நிறுத்தம்தான் விரலுக்குத் தெரியாத விஷயம். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு பிடியை முடித்துவிட்டு மூச்செடுப்பதைக் கவனித்திருப்பீர்கள், தவில் மட்டும் தனியாக நிற்கும் அந்தக் கணம்கூட இசைதான்.

என்ன பாடுவது என்று தெரியாவிட்டால் பாட்டின் மெட்டையே பாடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 1972இல் கார்ப்பென்டர்ஸ் வெளியிட்ட 'குட்பை டு லவ்' பாட்டில் டோனி பெலுசோ வாசித்த சோலோ அப்படித்தான் தொடங்குகிறது: முதலில் மெட்டு, அப்புறம் மெல்ல விலகி மேலே பறப்பது. அவ்வளவு மென்மையான குழுவின் பாட்டில் கரகரப்பான ஃபஸ் கிட்டாரா என்று அந்தக் காலத்தில் கோபப்பட்ட ரசிகர்களும் உண்டு. ஆனாலும் அந்தக் கரகரப்பு உறுத்தாமல் போனதற்கு, அது பிடித்துக்கொண்டது பாட்டின் மெட்டை என்பதுதான் காரணம் என்பேன். மலாய் ஸ்லோ ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சர்ச், விங்ஸ் என்ற மலாய் ராக் குழுக்களின் கேசட்டுகளில் வரும் சோலோக்களைக் கிட்டாரே தொடாத என் அண்ணன் வாயாலேயே பாடுவார்.

சரி, இப்போது கிட்டாரை எடுங்கள். ஜி, ஈ மைனர், சி, டி என்று சுற்றுகிற பாட்டு என்று வைத்துக்கொள்வோம், இங்கே வாசிக்கிற ஸ்லோ பாட்டுகளில் பாதி அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு கார்டிலும் மூன்றாவது ஸ்வரம்தான் அதன் மனநிலையைச் சொல்வது, சிரிப்பா சோகமா என்பது அதில்தான் தெரியும். அந்த நான்கையும் கீழிருந்து எண்ணினால் இரண்டாவதாக வருகிற பி கம்பியிலேயே எடுக்கலாம்: ஜி-க்கு 12ஆம் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு), ஈ மைனருக்கு 8, சி-க்கு 5, டி-க்கு 7. எண்ணிக்கை மெல்லிய கம்பியிலிருந்து, தடித்ததிலிருந்து அல்ல (நான் இதில் ஒரு வாரம் குழம்பினேன்). ஒரு வாரத்துக்கு இந்த நான்கு ஸ்வரத்தை மட்டும், கார்ட் மாறுகிற அதே அடியில், பாருக்கு ஒன்றாக வாசியுங்கள். போரடிக்கும். ஆனால் அது மட்டுமே ஒரு சோலோ போலக் கேட்கத் தொடங்குவதை நீங்களே கவனிப்பீர்கள். நடுவே நிரப்புவதெல்லாம் இந்த நான்கு தூண்களுக்கு இடையில் கட்டுகிற தோரணம்தான்.

அடுத்தது பெண்ட், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை உயர்த்துவது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறோம், வேகமான பாட்டில் சுதி கொஞ்சம் விலகினால் யாருக்கும் தெரியாது, ஸ்லோ பாட்டில் மண்டபமே திரும்பிப் பார்க்கும். டி கார்ட் வரும்போது பி கம்பியின் 7ஆம் ஃபிரெட்டை முதலில் சும்மா தட்டிக் கேளுங்கள், அந்த ஒலி காதில் இருக்கும்போதே 5ஆம் ஃபிரெட்டைப் பிடித்து அதே ஒலி வரும்வரை தள்ளுங்கள். மோதிர விரல் ஸ்வரத்தில், நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் பின்னால் துணைக்கு. பலம் விரலிலிருந்து வரக் கூடாது, கதவுக் குமிழைத் திருப்புவது போல மணிக்கட்டு திரும்ப வேண்டும். கை வலித்தால் மெல்லிய 9 கேஜ் கம்பிக்கு மாறிக்கொள்ளுங்கள், மானம் போகாது. மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே ஆட்டாதீர்கள். ஒரு அடி சும்மா நிற்கட்டும், பிறகு மெதுவாக வைப்ரேட்டோ, அந்த ஆட்டம். பதறிப்போய் ஆட்டினால் குளிரில் நடுங்குவது போலிருக்கும்.

பிக் (கம்பியைத் தட்டுகிற சின்ன வில்லை) பிடிக்கிற கையைப் பற்றி ஒன்று. ரப்பர் மரம் சீவிய காலத்தில் தாத்தா சொல்வார், கத்தி பட்டையோடு நிற்கணும், மரத்தைத் தொட்டால் காயமாகிவிடும் என்று. ஸ்லோ சோலோவில் பிக்கும் அப்படித்தான், கழுத்துப் பக்கம் நகர்ந்து, பிக்கின் நுனி மட்டும் கம்பியில் படட்டும்.

டோன் விஷயத்தில் ரொம்ப அலைய வேண்டாம். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்), ஓவர்டிரைவ் என்னும் கரகரப்பு குறைவாக, கொஞ்சம் ரிவெர்ப் (மண்டப முழக்கம்). டிலே என்னும் எதிரொலிக்கு 60,000-ஐ டெம்போவால் வகுங்கள், 72-க்கு 833 மில்லி செகண்ட் வரும், எதிரொலி இரண்டு மூன்றோடு அடங்கட்டும். சோலோவுக்குத் தனியாக ஒலியைக் கூட்ட 3 முதல் 5 டெசிபெல் போதும், அந்த பூஸ்ட் பெடலை ஓவர்டிரைவுக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் சத்தத்துக்குப் பதில் கரகரப்புதான் கூடும். மண்டபத்தில் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்சரில் சொருகச் சொல்வார்கள், அப்படியானால் கேபினட் சிமுலேட்டர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கருவி) இல்லாமல் ஓவர்டிரைவைத் தொடாதீர்கள், டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரி கேட்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் ஈப்போவுக்குப் போய்ப் புது செட் வாங்க வேண்டியதுதான்.

கடைசியாக, எட்டாவது பார். அங்கே பெரும்பாலும் டிரம்ஸ்காரர் ஒரு உருட்டு உருட்டுவார், பாடகர் மைக்கை நோக்கி வருவார். உங்கள் கடைசி ஸ்வரத்தை ஏழாவது பாரிலேயே பிடித்துவிட்டு, எட்டாவதில் அதை அப்படியே கரையவிட்டு, சுண்டு விரலால் வால்யூம் குமிழை மெல்லக் குறையுங்கள். பாடகரைப் பாருங்கள். அவர் மூச்சை இழுக்கும்போது கம்பியிலிருந்து கையை எடுத்துவிடலாம்.