குரூப் 4 படிப்பவர்கள் தன்னம்பிக்கையைத் தொலைக்கும் இடங்கள்

"முதல்ல கான்ஃபிடன்ஸ் வரட்டும்ணா, அப்புறம் டெஸ்ட் எழுதுறேன்." மாவட்ட மைய நூலகத்தில் என் பக்கத்து நாற்காலித் தம்பி ஒருவன் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை முதல் தடவை எழுதியபோது, சிலபஸ் முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு மாதிரித் தேர்வுகூட எழுதாமல் நேராக ஹாலுக்குப் போனவன் நான். சிலபஸ் யாருக்கும் முடிவதில்லை. முதல் டெஸ்டில் 200-க்கு 80 சரியாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். மிச்சம் 120 எங்கே போயிற்று என்று அன்றைக்கே தெரிந்துவிடுமே.

அடுத்தது மஞ்சள் ஹைலைட்டர். என் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கோடு போடாத வரிகளைத்தான் தேட வேண்டும். ஐந்து தடவை படித்திருந்தேன். பார்த்ததுமே எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், ஆபத்தே அதுதான். சிலப்பதிகாரத்துக்கு மூன்று காண்டம், முப்பது காதை. மணிமேகலைக்கும் முப்பது காதைதான். சரி, மதுரைக் காண்டத்தில் எத்தனை காதை? புத்தகம் திறந்திருக்கும்போது பதின்மூன்று என்று கண்ணுக்குத் தெரியும். ஹாலில் பத்தா, பதின்மூன்றா, ஏழா என்று மூன்று எண்ணும் சேர்ந்து சுற்றும். பிறகுதான் முறையை மாற்றினேன். ஒரு பாடம் படித்ததும் புத்தகத்தை மூடி, பழைய நோட்டின் பின்பக்கத்தில் ஞாபகம் இருப்பதை எழுதுவேன். புகார் 10, மதுரை 13, வஞ்சி 7. முதல் வாரம் பாதிப் பக்கம் நிரம்பவே திணறினேன், அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மூடிய புத்தகத்திலிருந்து எழுதியது ஹாலிலும் வந்தது.

கலர் பேனாவில் போடும் டைம்டேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து தினமும் பதினாலு மணி நேரம் என்று போடுவோம். மூன்றாம் நாள் வீட்டில் ஒரு விசேஷம் வரும், எல்லாம் போச்சு. அதன்பின் 'திங்கட்கிழமையிலிருந்து' என்று தள்ளிப்போடுவது இருக்கிறதே, அதுதான் நம்பிக்கையை உண்மையில் தின்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் இரண்டு மணி நேரம் என்று போட்டு, விட்ட நாளை விட்டுவிட்டு மறுநாளே உட்கார்ந்தால் போதும்.

'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுவது இன்னொன்று. 200 கேள்வியில் திறனறிவு 25 கேள்வி; ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் முப்பத்தேழரை. தனிவட்டி, சதவீதம், மீச்சிறு பொது மடங்கு, வேலையும் நேரமும் என்று தலைப்புகள் திரும்பத் திரும்ப வருபவைதான். ஒரு வாரம் தனிவட்டியை மட்டும் போட்டுப் பாருங்கள். கணக்கு முழுக்க வராவிட்டாலும் தனிவட்டி வரும்.

பிறகு டெலிகிராம் குரூப். தேர்வு முடிந்த அன்று மாலையே 'எனக்கு 175, உங்களுக்கு?' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதிகம் வந்தவர்தான் சொல்வார், குறைந்தவர் வாயைத் திறக்க மாட்டார். அதை வைத்து கட் ஆஃப் கணித்து நாள்கணக்கில் தூக்கம் கெட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், உத்தேச விடை வெளியாகும்வரை குரூப்பை மியூட்டில் போடுங்கள். பிடிஎஃப் பதிவிறக்குவதும் அதோடு நின்றுவிடும். என் போனில் நானூறு கிடக்கிறது, திறந்தது பத்து இருக்கலாம்.

கடைசியாக ஹாலுக்குள் நடப்பது. வட்டத்தைக் கறுப்பாக்கி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் 'விடை தெரியவில்லை' என்பதற்கு ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு. இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அப்படியும் நான் அந்த வட்டத்தைப் பதினொரு இடத்தில் கறுப்பாக்கியிருந்தேன், அதுவும் இரண்டு விடையை நீக்கிவிட்டு மிச்சம் இரண்டில் தயங்கிய கேள்விகளில். வீட்டுக்கு வந்து சரிபார்த்தால், முதலில் மனதில் பட்ட விடை ஏழு கேள்வியில் சரி. ஏழு ஒன்றரை, பத்தரை. அந்த வருடம் எனக்கு ஆறு மதிப்பெண்ணில் போனது.