குறுஇணைப்புகள்: அலுவலகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலக ஆவணங்களுக்கு நினைவில் நிற்கும் சிறிய பெயர் வைத்து, அந்தப் பெயரையே எல்லோரும் உலாவியில் தட்டி ஆவணத்தைத் திறக்கும் 'குறுஇணைப்பு'ப் பழக்கம் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து நிறுவனங்களிலும் மெல்லப் பரவி வருகிறது. 'கோ/லீவ்' (go/leave) என்று தட்டினால் விடுப்புப் படிவம் வரும். 'கோ/ரேட்' என்று தட்டினால் விலைப்பட்டியல் வரும். கூகுள் நிறுவனத்துக்குள் 2005 வாக்கில் தொடங்கிய இந்த முறை, இன்று இருபது பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகத்துக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதன் வேலைமுறை எளிது. நிறுவனத்தின் உள்வலையில் 'கோ' என்ற பெயர் ஒரு சர்வரைச் சுட்டும். அந்தச் சர்வரில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் குறும்பெயர், மறுபக்கம் ஆவணத்தின் முழு முகவரி. பெயர் வந்ததும் சர்வர் அதற்குரிய முகவரியைத் தேடி எடுத்து, உலாவியை அங்கே திருப்பி விடும். அட்டவணையை யார் திருத்தலாம், எப்போது திருத்தலாம், எதற்காகத் திருத்தலாம் என்ற கேள்விகளில்தான் அனைத்துச் சிக்கலும் இருக்கிறது.

கல்லூரி முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கும்போதெல்லாம், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். முகவரியைப் பாதியில் வெட்டி ஒட்டுவது, எழுத்தை விட்டுவிடுவது போன்றவை இரண்டே நாளில் தாமாகத் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. தாமாகத் திருந்தாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பெயருக்குள் ஊரையும் ஆண்டையும் வைப்பது

ஓர் ஆவணத்துக்குப் பெயர் வைக்கும்போது, அது என்ன வேலைக்காக இருக்கிறதோ அந்த வேலையைப் பெயராக வைக்க வேண்டும். இன்றைக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பெயராக வைத்தால், உள்ளே இருப்பது மாறிய பிறகும் பெயர் பழையதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. அதற்கு முன்பு தங்கள் விற்பனைப் பகுதியின் கடைப்பட்டியலுக்கு மாவட்டப் பெயரையே வைத்திருந்த அலுவலகங்களில், பட்டியலில் ஆம்பூரும் வாணியம்பாடியும் அரக்கோணமும் வாலாஜாவும் அப்படியே இருந்தன. ஆனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், அரக்கோணமும் வாலாஜாவும் இராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. புதிதாக வந்தவர் அந்தப் பெயரை நம்பித் திறந்தால், புதிய வேலூர் மாவட்டத்துக் கடைகள் மட்டுமே அதில் இருப்பதாகக் கணக்குப் போடுவார். எங்கள் பகுதியில் இது புதிய அனுபவமும் இல்லை. 1989-இல் வட ஆற்காடு பிரிந்ததைப் பார்த்த தலைமுறை, ஒரே வீட்டில் குடியிருந்தபடியே வேறு வேறு மாவட்டப் பெயர்களைப் படிவங்களில் எழுதியிருக்கிறது. 'கோ/விற்பனைப்பகுதி' என்று வைத்திருந்தால் எந்த அரசாணை வந்தாலும் அந்தப் பெயர் நின்றிருக்கும்.

ஆண்டுக்கும் இதே விதிதான். 'கோ/பட்ஜெட்' எப்போதும் நடப்பு ஆண்டைச் சுட்டட்டும். முடிந்துபோன ஆண்டின் கோப்புக்கு மட்டும் ஆண்டு எண்ணைச் சேர்த்துத் தனிப்பெயர் வைத்து, அதைப் பிறகு தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஒன்றுக்கு வைத்த பெயரை இன்னொன்றுக்குக் கொடுப்பது

இந்தத் தவறைப் பற்றிப் பேசும்போது இன்றும் எனக்குப் பொறுமை குறைகிறது. மற்றவை நேரத்தை வீணாக்கும். இது சரக்கையும் பணத்தையும் சேர்த்து வீணாக்கும். அப்படியிருந்தும், "லிங்க்கை மாற்றினால் சரியாகிவிடும்" என்று ஒவ்வொரு புதியவரும் சொல்கிறார்.

காலணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 'கோ/சைஸ்' என்ற பெயர் ஒரு பையருடைய, அதாவது சரக்கை வாங்குபவருடைய, அளவு மாற்றுப் பட்டியலைச் சுட்டியது. இங்கிலாந்து அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.47 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய முறையில் அந்த இடைவெளி மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், ஏறத்தாழ 6.67 மில்லிமீட்டர். இரண்டு படிக்கட்டுகளின் உயரமும் பொருந்தாததால், இந்த எண்ணுக்கு அந்த எண் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரே கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு பையரும் தமக்கென ஒரு பட்டியல் தருவார். ஒருவருடைய பட்டியலில் 8-க்கு நேராக 42 இருந்தால், இன்னொருவருடையதில் 41 இருக்கலாம். பேக்கிங் பிரிவில் பெட்டிக்கு ஸ்டிக்கர் அச்சிடுபவர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இரண்டு எண்களையும் அடிக்கிறார்.

புதிய பையர் ஒருவரின் ஆர்டர் வந்தது. அதைக் கவனித்த இளம் மெர்ச்சண்டைசர், சுருக்கமாகவும் எல்லோருக்கும் பழகியதாகவும் இருந்த 'கோ/சைஸ்' என்ற பெயரின் முகவரியை மாற்றி, அதைப் புதிய பையரின் பட்டியலுக்குச் சுட்டச் செய்தார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சர்வரும் தடுக்கவில்லை, எவர் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம் என்றுதான் அது அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் பழைய பையரின் சரக்கு அப்போதும் பேக்கிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கர் அச்சிடுபவர் வழக்கம்போல அதே பெயரைத் தட்டினார். அதே வடிவத்தில், அதே தலைப்புகளுடன் ஒரு பட்டியல் திறந்தது. பையரின் பெயர் மேல் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. சில அளவுகளில் ஐரோப்பிய எண் ஒன்று தள்ளி அச்சானது. பையரின் பரிசோதகர் வந்து பெட்டிகளைத் திறந்து பார்க்கும்வரை அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிறகு கார்ட்டன்களை எல்லாம் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்டிக்கரை உரித்து, மறுபடி ஒட்டி முடிப்பதற்குள் சென்னைத் துறைமுகத்தில் அந்தக் கப்பல் புறப்பட்டுவிட்டது.

செயல்படாத இணைப்பு இவ்வளவு தீங்கு செய்வதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பக்கம் திறக்கவில்லை என்றால் வேலை செய்பவர் நின்று, எழுந்து, பக்கத்து மேசையில் கேட்பார். தவறான பக்கம் அழகாகத் திறக்கும்போது அவர் எதையும் கேட்பதில்லை. காட்பாடி என்று பலகை மாட்டிய பேருந்து ஆரணிக்குப் போனால், பயணி அதை நம்பி ஏறி, பாதி வழி போன பிறகுதான் விழித்துக்கொள்வார்.

துன்பம் அத்தோடு முடியவில்லை. தவறு தெரிந்த அன்று மாலையே 'கோ/சைஸ்' பழைய பட்டியலுக்குத் திருப்பப்பட்டது. இருந்தும் மறுநாள் காலையில் சில கணினிகளில் சரியான பட்டியலும் சிலவற்றில் தவறான பட்டியலும் திறந்தன. காரணம், சர்வர் உலாவியைத் திருப்பி விடும்போது 301 என்ற எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணுக்குப் பொருள் "நிரந்தரமாக மாறிவிட்டது" என்பது. நிரந்தரம் என்று கேட்ட உலாவி, வேறு கட்டளை இல்லாதவரை, அந்த முகவரியைத் தன்னிடமே சேமித்துக்கொண்டு அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே அங்கே போய்விடலாம். இடையில் அந்தத் தவறான முகவரியைப் பிடித்துக்கொண்ட கணினி ஒவ்வொன்றிலும், கைப்பேசி ஒவ்வொன்றிலும் உலாவியின் நினைவகத்தை அழிக்க வேண்டியிருந்தது. குறும்பெயர் சர்வர் எப்போதும் 302 அல்லது 307 என்ற தற்காலிகத் திருப்பத்தையே தர வேண்டும். சேமித்து வைக்காதே என்ற கட்டளையையும் உடன் அனுப்பினால் இன்னும் நல்லது. சர்வரை அமைத்துத் தருபவரிடம் முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அப்படியானால் முகவரியை மாற்றவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக மாற்றலாம்; குறும்பெயர் வைப்பதே அதற்காகத்தான். அதே பையரின் அதே பட்டியல் திருத்தப்பட்டு வேறு கோப்புறைக்குப் போனால், முகவரியை மாற்றுங்கள். விடுப்புப் படிவம் காகிதத்திலிருந்து இணையப் படிவமானால், மாற்றுங்கள். பெயரைக் கேட்டவர் மனத்தில் எந்தப் பொருள் தோன்றுகிறதோ அந்தப் பொருள் மாறாமல் இருக்கும்வரை இடம் எத்தனை முறை மாறினாலும் கேடில்லை. பொருளே வேறு என்றால் பெயரும் வேறாக இருந்தாக வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையில் பிறகு செய்த ஏற்பாடு எனக்கு நிறைவளித்தது. ஒவ்வொரு பையருக்கும் அவருடைய குறியீட்டைச் சேர்த்துத் தனிப்பெயர் வைத்தார்கள். 'கோ/சைஸ்' என்ற பொதுப்பெயர் எந்தப் பட்டியலையும் நேராகத் திறக்காமல், எந்தப் பையர் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு பக்கத்துக்குப் போனது. அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உரிமையாளர் குறிக்கப்பட்டார். அவர் ஒப்புதல் இல்லாமல் பிறர் மாற்ற முடியாது. ஆவணத்தின் தலையிலேயே அதன் குறும்பெயரும் பையரின் பெயரும் பெரிய எழுத்தில் இடம்பெற்றன, தட்டிய பெயரும் திறந்த பெயரும் ஒன்றுதானா என்று கண் தானாக ஒப்பிடட்டும் என்பதற்காக. இவற்றில் உரிமையாளர் ஏற்பாடு ஒன்றையாவது செய்யாத அலுவலகம் குறும்பெயர் முறையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

குறும்பெயரைப் பூட்டாக நினைப்பது

யாருக்கும் தெரியாத பெயராக வைத்துவிட்டால் ஆவணம் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பி, கோப்பின் அனுமதியை 'இணைப்பு உள்ளவர் அனைவரும் பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் பொதுச் சேவைகளான பொதுச் சுருக்கிகள் தரும் ஆறெழுத்துக் குறிகளைக் கணினியால் வரிசையாக முயன்று பார்த்தே பிறருடைய மேகச் சேமிப்புக் கோப்புகளைத் திறக்க முடிந்தது என்று 2016-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றில் சிலவற்றை வெளியாட்களால் திருத்தவும் முடிந்தது. பொருளற்ற ஆறெழுத்துக்கே இந்த நிலை என்றால், 'கோ/சம்பளம்' என்ற பெயரை ஊகிக்க ஒரு நிமிடம் போதும். ஊகிக்கக்கூடிய பெயர்தான் நல்ல குறும்பெயர். யார் பார்க்கலாம் என்பதை ஆவணத்தின் அனுமதியில் தீர்மானியுங்கள்.

பொதுச் சுருக்கிகளை நம்புவது

கூகுள் 2009-இல் தொடங்கிய சுருக்கிச் சேவை, 2019-இல் புதிய இணைப்புகள் உருவாக்குவதை நிறுத்தியது. பழைய இணைப்புகளும் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு வேலை செய்யா என்று 2024-இல் அறிவிப்பு வந்து, கடைசி நேரத்தில் பயன்பாட்டில் உள்ளவை மட்டும் தப்பின. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சேவைக்கே இதுதான் ஆயுள். சுவரில் ஒட்டும் க்யூஆர் குறியில் சொந்தச் சர்வரின் பெயரை மட்டும் அச்சிடுங்கள்.

தமிழ்ச் சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று எண்ணுவது

குறும்பெயரைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டுகிறோம். 'விடுப்பு' என்று வைத்தால் ஒருவர் ஒரு 'பி' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். 'வழிமுறை' என்று வைத்தால் ழகரத்தை 'இசட்-ஹெச்' என்றும் 'எல்' என்றும் எழுதுபவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். வரக்கூடிய எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் அட்டவணையில் பதிந்து, ஒரே ஆவணத்துக்குச் சுட்டி வையுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. தமிழ் எழுத்திலேயே பெயர் வைப்பதும் பெரும்பாலான கருவிகளில் முடியும். ஆனால் உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்துக் குறியும் ஒன்பது குறிகளாக விரிந்து, சிறிய பெயர் நீளமாகிவிடும் என்பதால், நகலெடுக்காமல் தட்டிப் பழகிய அணிகளுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

வேலையை விட்டுப் போனவரின் தனிக்கணக்கில் ஆவணம்

கணக்கை மூடுவதற்கு முன்பே ஆவணத்தின் உரிமையை மாற்றுங்கள்.

வெளியாருக்கு அனுப்புவது

'கோ' என்ற பெயர் உங்கள் உள்வலைக்கு வெளியே எதையும் சுட்டாது. வெளியாருக்கு முழு முகவரியைக் கொடுங்கள்.

சொல்லாமல் அழிப்பது

பயனற்றுப் போனதாகத் தோன்றும் பெயரை உடனே நீக்கிவிட்டால், அது காலியாகக் கிடக்கிறது என்று எண்ணி யாராவது வேறொன்றுக்கு எடுத்துக்கொள்வார். மேலே சொன்ன ஸ்டிக்கர் கதை மறுபடி தொடங்கும். பழைய மின்னஞ்சல்களிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும், இயந்திரத்தின் மேல் ஒட்டிய தாள்களிலும் அந்தப் பெயர் இன்னும் இருக்கும். ஆகவே பெயரை நீக்காமல், 'இந்த ஆவணம் இப்போது பயன்பாட்டில் இல்லை. இதற்குப் பதிலாக இதைப் பாருங்கள். ஐயமிருந்தால் இந்தப் பிரிவைக் கேளுங்கள்' என்று சொல்லும் ஒரு பக்கத்துக்கு அதைத் திருப்புங்கள். அந்தப் பக்கத்தில் நிறுத்திய தேதியும் இருக்கட்டும். பெரும்பாலான கருவிகள் ஒரு பெயர் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற எண்ணிக்கையைக் காட்டும். அது பல மாதங்களாகச் சுழியமாகவே இருந்தாலும் பெயரை அட்டவணையிலேயே விட்டு வையுங்கள். ஒரு வரிக்கு ஆகும் இடம் அதில் எப்போதும் இருக்கிறது.